பால் கொடுக்கும்போது நோகிறதா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் குடும்பங்கள் பல முகாம்களில் நெருங்கி வாழ்ந்தன. சுத்தமான நீர் அரிதான இடத்தில் புட்டிப்பால் ஆபத்தானது. ஆகவே, நோவுக்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதிருக்க வழி அறிவோம்.

1. பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால் காம்பு வெடிக்கும். வாயை அகலத் திறந்ததும், கருவளையமும் உள்ளே போக, நாடி மார்பில் படும்படி அணைப்போம்.

2. நோவு தொடர்ந்தால் இழுக்காமல், வாயோரத்தில் சுத்தமான சின்னவிரலை விட்டு எடுத்து, மீண்டும் கொடுப்போம்.

3. காம்புக்குச் சவர்க்காரம் வேண்டாம். கடைசித் துளிப் பாலைப் பூசி உலரவிடுவோம்.

4. பால் கட்டினால் அடிக்கடி கொடுப்போம். இடையில் குளிர்ந்த ஈரத்துணி வைப்போம்.

மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமாதுவிடமோ ஆஸ்பத்திரியிலோ காட்டுவோம். அப்போதும் பால் கொடுப்போம்.

கூடிப் பேச: நம் முகாமில் தாய்மார் மறைவாகப் பாலூட்ட இடம் உண்டா?