கூட்டுச்சொல்லில் அழுத்தம் எங்கே?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையோரம் உள்ள கூட்டேரிப்பட்டு போன்ற ஊர்களில் கடை வைத்திருக்கும் நாம், வெளிமாநில லாரிக்காரர்களிடமும் மொத்த வியாபாரிகளிடமும் நாலு வார்த்தை ஆங்கிலம் பேசியே ஆகவேண்டியுள்ளது. எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறோம். அழுத்தம்தான் தகராறு.

'கீரை கடை' என்றால் மத்தை எடுக்கச் சொல்வது. 'கீரைக் கடை' என்றால் கீரை விற்கும் இடம். ஓர் ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த ஒற்றின் வேலையை அழுத்தம் செய்கிறது. 'கிரீன்ஹவுஸ்' என்பதில் 'கிரீன்' மேல் அழுத்தம் விழுந்தால் நாற்று வளர்க்கும் பசுமைக்குடில்; 'ஹவுஸ்' மேல் விழுந்தால் பச்சை வண்ணம் அடித்த வீடு.

இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து ஒரே பொருளின் பெயரானால் பெரும்பாலும் முதற்பகுதியைத்தான் அழுத்த வேண்டும். கிரவுண்ட்நட், ஆயில்கேக், ஷாப்கீப்பர், வேர்ஹவுஸ் எல்லாம் இவ்வகை. தெருப் பெயரில் மட்டும் ஒரு விசித்திரம்: 'ஸ்ட்ரீட்' என முடிந்தால் முன்னுள்ள பெயருக்கு அழுத்தம், 'ரோடு' என முடிந்தால் ரோட்டுக்கே அழுத்தம். காரணம் கேட்டால் இலக்கணக்காரர்களே விழிப்பார்கள்! எழுத்துகளால் ஆன சுருக்கப் பெயரில் கடைசி எழுத்து ஓங்கும். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் வேர்க்கடலை ரகங்களுக்குரிய 'டி.எம்.வி.' என்பதில் 'வி'யை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அசையைக் காதால் எண்ண வேண்டும், எழுத்தால் அல்ல. 'கிரவுண்ட்நட்' தமிழில் எழுதினால் நீளம்; ஆங்கில ஒலியில் இரண்டே அசை. போர்டில் இடம் போதாமல் சொல்லை உடைக்க நேர்ந்தால் 'வேர்' ஒரு வரி, 'ஹவுஸ்' அடுத்த வரி என ஒட்டுமிடத்தில் உடைக்கும்படி பெயின்டரிடம் சொல்லுங்கள்.

பணம் போகுமிடம் எண்கள்தான். 'ஃபிஃப்டி' என்பதில் முதல் அசைக்கு அழுத்தம். 'ஃபிஃப்டீன்' என்பதில் பின் அசைக்கு. அந்த 'டீன்' பத்து என்பதன் திரிபு. இதோடு விட்டால் பரவாயில்லை. 'ஃபிஃப்டீன் பேக்ஸ்' என்று மூட்டையைச் சேர்த்தவுடன் அழுத்தம் முன் அசைக்கு நகர்ந்துவிடும்! தொலைபேசியில் 15 மூட்டை 50 ஆகக் கேட்பது இதனால்தான். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது 'டீன்' என்பதை நீட்டி, இறுதி 'ன்' காதில் விழும்படி சொல்லுங்கள். கூடவே 'ஒன் ஃபைவ்' என்றும் சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே போனை வையுங்கள்.