வெள்ளை மைனா விந்தையா?

“வெள்ளைக் காக்கை மல்லாந்து பறக்கிறது” என்றால், நம்பத்தகாத பொய் என்று பொருள்கொள்வது நம்மவர் வழக்கம். மல்லாந்து பறப்பது பொய்யாயினும், வெள்ளைக் காக்கை பொய்யன்று. காக்கை, மைனா, சிட்டுக்குருவி முதலிய பல இனங்களில் அரிதாக வெண்ணிறப் பறவைகள் தோன்றுவதுண்டு. விடுமுறையில் மலையேறச் செல்லும் நம் இளைஞர்களும், விடியற்காலையில் பால்வெட்டுக்குச் செல்வோரும் காட்டோரத்தில் அத்தகைய பறவையைக் காண நேரலாம்.

வெள்ளைப் பறவை யாவும் விந்தையல்ல என்பதை முதலில் அறிதல் வேண்டும். கொக்கு இயல்பிலேயே வெள்ளை. நம் நாட்டுக் காடுகளில் வாழும் அரசவால் ஈப்பிடிப்பானின் ஆண்களுள் சில செம்பழுப்பு நிறமும், சில வெண்ணிறமும் கொண்டவை. கரிய தலையும் நாடா போன்ற நீண்ட வாலும் உடைய வெள்ளைப் பறவையைக் கண்டால், அது அந்த இனமே எனலாம்.

நிறம் மாறுவது ஏன்?

இறகுகளின் கருமைக்கும் பழுப்புக்கும் காரணம் மெலனின் என்னும் நிறமி. பிறவியிலேயே இந்நிறமி உடலில் உருவாகாத நிலை ஆல்பினிசம் எனப்படும். அப்பறவையின் கண்ணிலும் நிறமி இராது. உள்ளிருக்கும் இரத்தக் குழாய்கள் தெரிவதால் கண் இளஞ்சிவப்பாகத் தோன்றும்.

நிறமி இறகுகளைச் சென்றடையாத நிலைக்கு லூசிசம் என்று பெயர். இதில் உடல் முழுதும் வெளுக்கலாம். ஆங்காங்கே திட்டுகளாகவும் வெளுக்கலாம். ஆனால் கண் இயல்பான நிறத்திலேயே இருக்கும். மைனாவின் மஞ்சள் அலகும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே, வெள்ளைப் பறவையைக் கண்டதும் முதலில் நோக்கத்தக்கது அதன் கண்ணே.

இக்குறைகள் பெரும்பாலும் மரபுவழி வருவன. தாய், தந்தை இரண்டும் வழக்கமான நிறத்தில் இருந்தும், அவற்றிடம் மறைந்திருந்த மரபுக்கூறு குஞ்சிடம் வெளிப்படலாம். நோயாலும் ஊட்டக் குறைவாலும் சில இறகுகள் வெளுப்பதுமுண்டு. ஆதலால் இதில் நற்சகுனமும் இல்லை, தீச்சகுனமும் இல்லை.

அதன் வாழ்வு எளிதன்று

மெலனின் இறகுக்கு நிறத்தோடு வலிமையும் தருகிறது. அஃதில்லாத வெள்ளை இறகு விரைவில் தேய்ந்து சிதையும். பச்சை இலைகளிடையே வெண்மை பளிச்சிடுவதால் பருந்தின் கண்ணுக்கும் எளிதில் தப்பாது. ஆல்பினிசம் உள்ள பறவைக்குப் பார்வையும் மங்கல். இத்தனை இடர்களையும் கடந்து வளர்ந்த பறவைக்கு நாமும் பகையாதல் தகுமோ?

நாம் செய்யத்தக்கவை

அரிய பறவை என்று கண்ணி வைப்பதும், நல்ல விலை கிடைக்கும் என்று கூண்டில் அடைப்பதும், சிறுவர் கவண் எறிவதும் கூடா. தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். நிறம் வெளுத்தாலும் இனம் மாறுவதில்லை. ஆகவே சட்டத்தின் காப்பும் அகல்வதில்லை.

எட்ட நின்று அமைதியாகப் பார்ப்போம். நாள், நேரம், இடம், பறவையின் பருமன், கண், அலகு, கால்களின் நிறம், குரல், உடனிருந்த பறவைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். கைப்பேசி இருப்பின், கூட்டை நெருங்காமல் படம் எடுக்கலாம். உடனிருக்கும் பறவைகளே பெரும்பாலும் அதன் இனத்தை நமக்கு உணர்த்திவிடும். அக்குறிப்பைப் பிள்ளைகளிடம் காட்டி விளக்கினால், கவணை எடுக்கும் கை பென்சிலை எடுக்கும்.