மழை வந்தாச்சு: பின்சக்கரக் கார்க்காரர்கள் இப்போதே செய்யவேண்டியவை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருகிறது. மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும் முதல் மழையில் ஊறி மேலே வரும். நாலு நாள் அடித்துப் பெய்த ரோட்டைவிட, முதல் தூறல் விழுந்த அரை மணி நேர ரோடு வழுக்கும். சக்தி முழுவதும் பின்சக்கரத்தில் இறங்கும் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

அம்பாசடரும் பின்சக்கர வண்டிதான். ஆனால் ஈர ரோட்டில் வால் வீசும் அளவுக்கு அதன் எஞ்சினில் தெம்பு இல்லை. இப்போது கதை வேறு. சிங்கப்பெருமாள்கோவில் ஆலையில் பூட்டப்படும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் பெட்ரோல் வண்டி 258 குதிரைத்திறன். மஹிந்திராவின் மின்சார பிஇ 6, பெரிய பேட்டரியோடு 286. பிஒய்டி சீல் பிரீமியம் 313. மூன்றிலும் இத்தனையும் போவது பின்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே. வாங்கியவர்களில் பலர் அதுவரை முன்சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள். “டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கு சார், பயமே இல்லை” என்று ஷோரூமில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அது பாதி உண்மை.

நான்கு சக்கரங்களிலும் உள்ள ஏபிஎஸ் சென்சார்கள் சுழலும் வேகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் அதிகம் சுழன்றால் அது வழுக்குகிறது என்று பொருள். உடனே கம்ப்யூட்டர் எஞ்சினின் இழுவையைக் குறைக்கும். வழுக்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். மின்சார மோட்டாரில் இது சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். டர்போ பெட்ரோல் எஞ்சின் அவ்வளவு சடுதியில் அடங்காது. அந்த இடைவெளியில் பின்பக்கம் ஒரு நெளி நெளிந்துவிட்டுத்தான் நிற்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் அவசரமாக மிதித்தவருக்கும், மேம்பாலத்தின் இரும்பு இணைப்பில் ஏறும்போது மிதித்தவருக்கும் இந்த ஏற்பாடு அருமையாக உதவும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஒரு கணக்குப்பிள்ளை. வீண்செலவைத் தடுப்பார், வரவைக் கூட்ட அவரால் ஆகாது. ரோட்டின் பிடிமானம் என்ற வரவு டயரிலிருந்துதான் வரவேண்டும். 60-ல் போகவேண்டிய வளைவில் 90-ல் நுழைந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காவிட்டாலும் வண்டி வெளியே போகும். அங்கே உதவுவது அதன் உடன்பிறப்பான ஈஎஸ்பி. மெர்சிடிஸும் பாஷும் 1995-ல் கொண்டுவந்த இந்த முறை, ஸ்டியரிங் திரும்பிய அளவையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிட்டு, தேவைப்படும் சக்கரத்தைத் தனியே பிரேக் பிடிக்கும். டயருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் அதனாலும் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது.

எனவே முதல் வேலை டயர். விமான டயர்களுக்காக நாசா ஆய்வாளர்கள் 1960-களில் வகுத்த ஒரு சூத்திரம் உண்டு. தேங்கிய நீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 32 பிஎஸ்ஐ என்றால் சுமார் 94 கிலோமீட்டர் வேகம். காற்று 25-க்கு இறங்கினால் 83. கார் டயருக்கு இது தோராயக் கணக்கே. பட்டன் தேய்ந்த டயர் இதற்கு முன்பேகூட மிதக்கலாம். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் சூடாவதற்கு முன் காற்றுப் பிடியுங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் போதும். மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். இரண்டு டயர்தான் வாங்க முடியும், நான்கும் ஒரே அளவு என்றால், புதியவை பின்னால் போகட்டும். கடைக்காரர் முன்னால் போடச் சொல்லி வாதாடுவார், விட்டுக்கொடுக்காதீர்கள். சக்தி வாய்ந்த பின்சக்கர வண்டியில் பின்டயர்தான் சீக்கிரம் மொட்டையாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டும்போது ஸ்போர்ட், ரேஸ் போன்ற மோடுகளை மழை முடியும்வரை மறந்துவிடுங்கள். பல வண்டிகளில் அவை ஆக்ஸிலரேட்டரைக் கூர்மையாக்கும். சிலவற்றில் பாதுகாப்பு முறையையும் தளர்த்தும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். நடு வளைவில் பதறிக் காலைச் சட்டென எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இலேசாகி வீசும். மின்சார வண்டிக்காரர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்: ஆக்ஸிலரேட்டரை விட்டதுமே மோட்டார் பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ரீஜென் எனப்படும் இந்தப் பிடிப்பின் அளவைக் குறைத்து வையுங்கள், ஒற்றை பெடல் முறை வேண்டாம். க்ரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கு மழையில் போகத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு வளைவிலும் கம்ப்யூட்டரைப் பிரேக் பிடிக்க வைக்காமல் நிதானமாக ஏறுங்கள். பின் பிரேக் சூடேறினால் பல வண்டிகளில் அந்த உதவி தற்காலிகமாக நின்றுவிடும்.

டாஷ்போர்டில் நெளிந்த கோடுகளோடு கூடிய மஞ்சள் கார் விளக்கு மினுக்கினால் முறை வேலை செய்கிறது, நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். நிலையாக எரிந்தால் அது அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது. மழையில் அப்படி ஓட்டவேண்டாம். ஈசிஆரில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் பொத்தானை அழுத்தி வேண்டுமென்றே அதை அணைத்து வித்தை காட்டும் தம்பிகளுக்கு இந்த ஆலோசனை ஏறாது என்பது தெரியும். மற்றவர்கள் அதை அணைக்க ஒரே ஒரு நியாயமான சந்தர்ப்பம்தான்: சேற்றிலோ மணலிலோ சக்கரம் புதைந்து, மிதித்தாலும் கம்ப்யூட்டர் இழுவையை அறுத்துவிடும்போது. அப்போது அணைத்து, மெதுவாக மிதித்து வெளியே வாருங்கள். தாரில் ஏறியதும் முதல் வேலையாகப் பொத்தானை மறுபடி அழுத்தி, மஞ்சள் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே வேகமெடுங்கள்.