போர்டு மாற்றப்போகும் பிள்ளைகளுக்கு

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒன்பது, பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலிசெய்து இந்திரா நகர்ப் பக்கம் போனபோது கேபினெட்டும் கூடவே போயிருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து, "மதர்போர்டு மாத்தணும், எது வாங்கலாம்?" என்று கேட்டு வரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் வாயால் சொல்வதைத்தான் இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எது முட்டி நிற்கிறது என்று தெரிந்துவிடும். டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம். ஒரு சாட்டா எஸ்எஸ்டி போதும், போர்டைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11 வேண்டும் என்றால் கணக்கு வேறு. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசைக்கும் முந்தியவை பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். மெயில் பார்க்கவும் டைப் அடிக்கவும் மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் இலவசம், பழைய பெட்டியிலேயே ஓடும்.

2. சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். இன்டெலின் ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் பெயர் ஒன்றே: எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறை சிப் பழைய எச்110 போர்டில் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளுபவர்கள் விழுகிற குழி இதுதான். ஏஎம்டிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பி450 போர்டில் ரைசன் 3 2200ஜி வைத்திருப்பவர், போர்டை மாற்றாமலே ரைசன் 5 5600 போடலாம். ஒரே நிபந்தனை: பழைய புராசஸரைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். கழற்றிவிட்டு யோசித்தால் திரும்பவும் பழையதை மாட்டத்தான் வேண்டிவரும்.

3. ராமைக் கையில் வைத்துக்கொண்டு போர்டு தேடுங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது; வெட்டு இருக்கும் இடமே வேறு. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. உலகமெங்கும் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆகவே நல்ல டிடிஆர்4 ஸ்டிக் இரண்டு இருந்தால் அதை வீணாக்காதீர்கள். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ 1700 போர்டுகள் இரண்டு வகையிலும் வருகின்றன. வாங்குமுன் எந்த வகை என்று பெட்டியில் படித்துப் பாருங்கள். எல்லாமே புதிதாக வாங்கப் பணம் இருக்கிறதா? 2022-இல் வந்த ஏஎம்5 எடுங்கள். அதில் டிடிஆர்5 மட்டும்தான். ஆனால் 2027 வரையாவது அந்த சாக்கெட்டுக்குப் புதுச் சிப் வரும் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. எல்ஜிஏ 1700-க்கு அந்தப் பாக்கியம் இல்லை.

4. புராசஸரில் கொட்டிவிட்டு போர்டில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊர்ச் சுரங்கத்தில் 1400 லிட்டர் வாளிச்சக்கர எந்திரம் எவ்வளவு வேகமாக மண்ணை வெட்டினாலும், கன்வேயர் பெல்ட் இழுக்கிற அளவுக்குத்தான் வேலை நகரும். ஐ7 வாங்கி, புராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மேல் ஒரு ஹீட் சிங்க்கூட இல்லாத மலிவு போர்டில் மாட்டினால், சூடேறியதும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ5-ம் நடுத்தர போர்டும் போதும் என்பது என் கட்சி.

5. இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாதவர்கள் அதைத் தொடாதீர்கள்.

6. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் புது போர்டில் மாட்டாதீர்கள். புராசஸருக்கு எட்டு பின் இணைப்பும் 80 பிளஸ் முத்திரையும் பார்த்து வாங்குங்கள். பெரிய கம்பெனியின் பிராண்டட் பெட்டி என்றால் அதன் இணைப்புகளும் ஸ்க்ரூ துளைகளும் பல சமயம் தனி ரகம், 24.4 சென்டிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு உள்ளே பொருந்துமா என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

7. நம் ஊர்த் தூசியை மறக்காதீர்கள். நிலக்கரித் தூளும் சாம்பலும் செம்மண் புழுதியும் கலந்து ஹீட் சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள். முன்பக்கம் கழற்றிக் கழுவும் ஃபில்டர் உள்ள கேபினெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை. கலர் லைட்டுக்குக் கொடுப்பதுதான் தண்டம்.

8. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் நம் ஊர் மெயின் பஜாரில் வாங்கினாலும், கடையை விட்டு இறங்குவதற்கு முன் சாக்கெட் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச் அடித்துப் பின்களைப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வரிசை கலைந்து தெரியும். அந்த பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டிக்குப் போனால் கேட்பார்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும்.

ஆனால் பி450 மாதிரி போர்டுகளில் உள்ள ஏஎம்டியின் பழைய சாக்கெட்டான ஏஎம்4-இல் பின் இருப்பது புராசஸரின் அடியில். அதனால் பழையதைக் கழற்றும்போது கூலரை நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு புராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் கூலரை மெதுவாகத் திருகித் தூக்குங்கள்.

9. டிடிஆர்5 போர்டை முதல்முறை ஆன் செய்ததும் சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். மெமரியைச் சோதித்துப் பழகிக்கொள்கிறது. பயந்துபோய் சுவிட்சை அணைக்காதீர்கள்.

10. கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது. புதியதற்குப் பெரும்பாலும் கூட வராது. அந்தச் செலவையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். காப்பி எடுக்காமல் கொண்டுவரும் பெட்டியில் நான் ஸ்க்ரூடிரைவர் வைக்கமாட்டேன்.