வீடு கட்டும்போதே காப்பீடு: கிரகப்பிரவேசம் வரை காத்திருக்கலாமா?

தை மாதம் பூமி பூஜை போட்டு, ஐப்பசியில் தளம் போட சென்ட்ரிங் அடித்து நிற்கும் வீடுகளை நம் ஊர்களில் நிறையப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் அதுதான். வீட்டுக்காரரிடம் "இன்சூரன்ஸ் போட்டாச்சா?" என்று கேட்டால், "வீடே இன்னும் முடியலையேங்க, கிரகப்பிரவேசம் ஆகட்டும், பார்த்துக்கலாம்" என்பார். சேமிப்பு, அடகு வைத்த நகை, வங்கிக் கடன் எல்லாம் சுவராகவும் கம்பியாகவும் வெட்டவெளியில் நிற்கும் மாதங்கள் அவை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. குடியேறிய வீடு, கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்று வெள்ளம் பார்ப்பதில்லை. காப்பீட்டு பாலிசி பார்க்கும்.

வீடுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம். நல்ல பாலிசிதான். ஆனால் அது கட்டி முடித்த வீட்டுக்கானது. வங்கியில் கடன் வாங்கும்போது "இன்சூரன்ஸும் சேர்த்துதான் போட்டிருக்கோம்" என்பார்கள். பல நேரங்களில் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும். சுவர் இடிந்தால் அதில் ஒரு ரூபாய்கூட வராது. பாலிசித் தாளை வாங்கி, எதற்குக் காப்பீடு என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

கட்டுமான காலத்துக்கென்று இருப்பது 'காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ்' பாலிசி. பெயரில் காண்ட்ராக்டர் இருப்பதால் அது பெரிய பாலம், அடுக்குமாடிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தனி வீட்டுக்கும் கேட்கலாம். வீட்டு உரிமையாளர், ஒப்பந்ததாரர் இருவர் பெயரையும் சேர்த்தே எடுங்கள். ஒப்பந்ததாரர் பெயரில் மட்டும் இருந்தால், பாதி வேலையில் அவரோடு மனஸ்தாபம் வரும்போது பாலிசியும் அவரோடு போய்விடும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மனையின் விலையைச் சேர்க்கக்கூடாது. வேலை முடியும்போது கட்டடத்துக்கு ஆகும் மொத்தச் செலவைக் காட்ட வேண்டும். கூலி காண்ட்ராக்டில் நீங்களே வாங்கித் தரும் சிமென்ட், கம்பி, டைல்ஸும் அதில் சேரும். 1,200 சதுர அடி வீட்டுக்கு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 24 லட்சம். பிரீமியத்தைக் குறைக்க 18 லட்சம் என்று காட்டினால், முக்கால் பங்குக்குத்தான் காப்பீடு. மழையில் 4 லட்சம் நஷ்டம் ஆனால் 3 லட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகையைக் கழித்துத்தான் தருவார்கள்.

இந்தப் பாலிசிக்கும் எல்லை உண்டு. தளம் சரியாகப் போடாததால் இடிந்தால், அந்தக் குறையுள்ள தளத்தைத் திரும்பப் போடும் செலவு கிடைக்காது. அது விழுந்து சேதமான மற்ற நல்ல பகுதிகளுக்குக் கிடைக்கும். ராத்திரி கம்பி திருடு போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் கோரலாம். மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது பத்து மூட்டை குறைகிறது என்றால் கோர முடியாது. கையில் காசு இல்லாமல் வேலையை நிறுத்தினாலும், காலம் நீண்டாலும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். தேதி முடிந்தபின் நீட்டிக்கக் கேட்டுப் பயனில்லை.

பக்கத்து வீட்டுச் சுவர்

நெருக்கமான தெருக்களில் பெரிய தலைவலி இதுதான். கடக்கால் தோண்டும்போது அடுத்த வீட்டுச் சுவர் விரிசல் விட்டால், பல வருஷப் பழக்கம் ஒரே நாளில் வழக்காகிவிடும். பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பு இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதிர்வாலும், தாங்கும் மண் விலகுவதாலும் வரும் சேதம் அதில் வழக்கமாகச் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டி, கேட்டுச் சேர்க்க வேண்டும். தோண்டுவதற்கு முன்பே பக்கத்து வீட்டாரைக் கூட வைத்துக்கொண்டு அவர்கள் சுவரைப் படம் எடுத்து வையுங்கள். பழைய விரிசல் எது, புதுசு எது என்ற பேச்சே வராது.

சாரத்திலிருந்து விழும் கொத்தனாரோ சித்தாளோ மூன்றாம் நபர் ஆகமாட்டார். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனி. வேலை செய்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். விபத்து உதவி வாரியத்திலிருந்து கிடைக்கும். இழப்பீடு தரும் பொறுப்பு வேறு.

மாடி எடுக்கிறீர்களா?

ஏற்கெனவே கிருஹ ரக்ஷா பாலிசி வைத்திருப்பவர்கள் மாடி எடுத்தாலோ, அறை நீட்டினாலோ நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கார்ப்பெட் பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் பதியாதவரை அந்தப் புதிய பகுதிக்குக் காப்பீடு இல்லை. தோண்டுவதாலும் கட்டுமான வேலையாலும் நிலம் இறங்கிக் கீழ்வீடு சேதமானால் அதுவும் அந்தப் பாலிசியில் வராது. ஆகவே மாடி வேலைக்குக் கட்டுமானப் பாலிசி எடுக்கும்போது, பழைய கீழ்வீட்டையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தோடு கட்டட அனுமதி, வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்தம் கேட்பார்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அனுமதி வரைபடம் ஒன்று, கட்டுவது ஒன்று என்று இருந்தால் இழப்பீட்டு நேரத்தில் சிக்கல்.

சேதம் நேர்ந்தால் உடனே தெரிவியுங்கள். 14 நாளைத் தாண்டவிடாதீர்கள். சர்வேயர் வருமுன் இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிட வேண்டாம், படம் எடுத்து வையுங்கள். நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை ஓராண்டுக்குள் அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அங்கே தீர்ப்பாகும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.