பாகும் கேரமலும்

நம் திருத்தணியைச் சுற்றிலும் கரும்பு விளைகிறது. அருகே திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உள்ளது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச்சாற்றைக் காற்றழுத்தம் குறைந்த மூடிய கலன்களில் காய்ச்சுவார்கள். ஏன் தெரியுமா? அழுத்தம் குறைந்தால் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு வெகு முன்பே நீர் ஆவியாகிவிடும்; சர்க்கரையும் பழுப்பேறாது. ஆலைகள் வேண்டாமென்று விலக்கும் அந்தப் பழுப்பு நிறத்தையே, கிறிஸ்துமஸ் கேக்குக்கும் கேரமல் புட்டிங்குக்கும் நாம் வீட்டில் விரும்பி வரவழைக்கிறோம்.

சர்க்கரையில் நீர் விட்டுக் காய்ச்சினால், நீர் வற்ற வற்றச் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறும். விரல்களிடையே ஒரு கம்பி இழுத்தால் அது மைசூர்பாகுக்குப் பதம். அப்போது நீர் விட்டால் மறுபடியும் சர்க்கரை நீராகிவிடும். இது பௌதிக மாற்றம்.

சூடு ஏறத்தாழ 160, 170 டிகிரியை எட்டும்போது நிலைமை வேறு. சர்க்கரை மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. மூலக்கூறு சிதைந்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராவியாகப் பிரிகின்றன. எஞ்சியவை ஒன்றுசேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் உள்ள புதுப் பொருள்களாகின்றன. இனிப்பு குறைந்து கசப்பு கூடுகிறது. இது இரசாயன மாற்றம். இதிலிருந்து சர்க்கரையை மீட்க முடியாது. மேலும் காய்ச்சினால் மிஞ்சுவது கரிதான்.

இனி செய்முறை. அடிகனமான பாத்திரத்தில் ஒரு கப் சர்க்கரை, கால் கப் நீர், சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து இளந்தீயில் வைக்க வேண்டும். எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் எனப் பிரிப்பதால் பாகு மீண்டும் படிகமாகாது. சர்க்கரை கரைந்தபின் கரண்டியால் கிளறாமல், பாத்திரத்தை மெல்லச் சுழற்றினால் போதும். தேன் நிறம் தாண்டிச் செம்பு நிறம் வந்தால் புட்டிங்குக்குப் பதம்; காப்பி டிகாஷன் நிறம் வந்தால் கேக்குக்குப் பதம். பாத்திரத்தின் சூட்டில் நிறம் மேலும் ஏறுமாதலால் சற்று முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். கேக்குக்கானதில் வெந்நீரைச் சிறிது சிறிதாக, எட்டி நின்று விட வேண்டும். குளிர்ந்த நீர் விட்டால் பலமாகத் தெறிக்கும்.

பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இதைச் செய்யலாகாது. கொதிநீர் பட்டால் வழிந்துவிடும். கேரமலோ அதைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளும். பட்டுவிட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றி, குழாய் நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாவு, இங்க், ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது.

முற்றிய பாகை நீர் விட்டுத் திருத்தலாம். கருகிய கேரமலைத் திருத்த எவராலும் இயலாது. ஆகையால், தோழியரே, கடிகாரத்தை நம்பாமல் நிறத்தைக் கண்டு நிறுத்தப் பழகுவோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி