வாக்களித்தவரை நம்புதல்

பெங்களூரு சிவாஜிநகரிலுள்ள புனித மரியன்னை பேராலயத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா நடைபெறுகிறது. புடவை அணிந்த அன்னையின் திருவுருவத்தின் முன் பல சமயத்தவரும் மெழுகுவர்த்தி ஏற்றித் தத்தம் விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கின்றனர். நோய் தீர வேண்டும். வேலை கிடைக்க வேண்டும். பிள்ளை நல்வழிப்பட வேண்டும். கேட்டது கிடைத்தவர் நன்றி கூறத் திரும்பி வருகிறார். கிடைக்காதவரின் நிலை என்ன? கேட்பவருக்கு அருள்வதாக இறைவன் அளித்த வாக்கு பொய்த்துவிட்டதா? சாதகர் ஒவ்வொருவரும் என்றேனும் சந்தித்தே தீரவேண்டிய கேள்வி இது.

பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம்', 'நம்பிக்கை' என இரு சொற்கள் உள்ளன. நம்பிக்கை வரவிருக்கும் நன்மையை எதிர்நோக்குகிறது. விசுவாசம் வாக்களித்தவரையே பற்றி நிற்கிறது. எதிர்பார்த்த பொருள் தாமதமானால் முன்னது தளரக்கூடும். அப்போது அதைத் தாங்குவது பின்னதே. வைணவ சரணாகதி நெறியும் 'மகாவிசுவாசம்' என்று இதனையே போற்றுகிறது.

விவிலியம் இதற்குச் சான்றுகள் தருகிறது. பெரிய இனமாக்குவேன் என்ற வாக்கைப் பெற்றுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது வயது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அவர் அவசரப்பட்டதும் உண்டு, ஐயுற்றதும் உண்டு. புனித பவுலோ, முள்போல் தம்மை வருத்திய ஒரு துன்பம் நீங்க மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை. அதைத் தாங்க அருள் போதும் என்ற உறுதியே அவருக்குக் கிடைத்தது.

அண்மைக் காலத்தில் இப்பாடத்தை நம் மண்ணில் வாழ்ந்து கற்றவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் 1867-இல் பிறந்த இவர், 1895-இல் இந்தியா வந்து முதலில் தங்கியது பெங்களூரில். பின்னர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள டோனாவூரைத் தம் இல்லமாக்கிக் கொண்டார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் ஆபத்திலிருந்த சிறுமியருக்கு 1901 முதல் தாயானார். நிதி வேண்டி மனிதரிடம் முறையிடுவதில்லை, தேவைகளை இறைவனிடமே கூறுவது என்பதை நியதியாகக் கொண்டார்.

1931 அக்டோபர் 24 அன்று காலை, மேலும் தொண்டாற்றத் தம்மைத் தகுதியாக்க எதை வேண்டுமானாலும் செய்தருளுமாறு அவர் இறைவனிடம் வேண்டினார். அன்று மாலை களக்காட்டில், மருந்தகத்துக்கென ஏற்பாடு செய்த வீட்டைப் பார்க்கச் சென்றவர் குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரி 18-இல் இறையடி சேரும்வரை பெரும்பாலும் ஓர் அறையே அவரது உலகமாயிற்று.

இதுவா பிரார்த்தனைக்கு விடை? அவருக்கும் அந்த வலி எளிதாக இருக்கவில்லை. நலமுடன் இருப்போர் எழுதும் ஆறுதல் மொழிகள் நோயாளியின் உள்ளத்தை எட்டுவதில்லை என்பதை உணர்ந்தார். ஆகவே நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக 1933-இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலை வெளியிட்டார். நடந்து சென்று அணுக முடியாத துயருற்றோரை அவரது எழுத்து அணுகியது. விபத்து நன்மையாகிவிட்டது என்று நாம் எளிதில் சொல்லிவிடக் கூடாது. அந்த வலியிலும் அவர் கைவிடப்படவில்லை என்று சொல்லலாம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? முதலாவதாக, இறைவன் வாக்களித்தது எது, நம் ஆசை அதனுடன் சேர்த்துக்கொண்டது எது என்று பகுத்தறிய வேண்டும். துன்பமே வராது என்று இயேசு வாக்களிக்கவில்லை. உலக முடிவுவரை உடனிருப்பதாகவே வாக்களித்தார். இரண்டாவதாக, விடை வரும்வரை இன்றைய கடமையை விடாது செய்ய வேண்டும். மூன்றாவதாக, ஐயம் எழுந்தால் அதை மறைக்காமல் அவர் திருமுன்னரே வைக்க வேண்டும்.

பேராலயத்தில் ஏற்றிய மெழுகுவர்த்தி சிறிது நேரத்தில் உருகிவிடும். கேட்டது கிடைக்காமல் திரும்புபவரும் தனியே திரும்புவதில்லை. இந்த ஒன்றை உள்ளம் ஏற்றுக்கொள்ளும் நாளில் விசுவாசம் வேரூன்றத் தொடங்குகிறது.